மவுண்ட் ரோட்டில் ஓடிய மின்சார வண்டிகள்

யூபிலி ஆண்டு என்பது மகிழ்ச்சியின் ஆண்டு மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் ஆண்டுமாகும். லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கூறும் யூபிலியில் எக்காளம் முழங்கும். விற்றுப்போன நிலம் உரியவருக்குத் திரும்பும். அடிமைப்பட்டவர் தம் குடும்பத்தாரிடம் திரும்புவர். நம்மிடம் வந்தது எது, நம் கையை விட்டுப் போனது எது, போனதில் இழந்தவர் யார் என்று ஒரு சமுதாயம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் காலமே யூபிலி எனலாம்.

நம் பங்கின் வளர்ச்சியையும், பங்குத்தந்தையர், அருட்சகோதரிகள், உபதேசியார்கள் ஆற்றிய பணியையும் இம்மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கின்றன. நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. நம் ஊரிலிருந்து படிப்புக்கும் பிழைப்புக்கும் சென்னைப் பட்டணம் சென்ற முந்திய தலைமுறையினர், அந்நகரின் பிரதான சாலையில் ஒரு விந்தையான வண்டியைக் கண்டனர். குதிரை இல்லை, மாடு இல்லை, புகையும் இல்லை. மேலே ஒரு கம்பி, கீழே இரு தண்டவாளம். அதுவே டிராம். அதன் தங்கையாக, தண்டவாளமே இல்லாமல் கம்பியை மட்டும் பற்றிக்கொண்டு ஓடியது டிராலி பஸ். இவ்விரு வண்டிகளும் வந்த கதையையும் மறைந்த கதையையும் அறிவது நமக்கும் பயனுடையது. ஏரியை நம்பி வாழும் ஊரார் அதில் ஒரு பாடத்தை எளிதில் கண்டுகொள்வர்.

காஞ்சிக்கு வந்த முதல் "டிராம்வே"

டிராம் என்றதும் அது பெருநகரத்துப் பொருள், நம் சீமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. "டிராம்வே" என்ற பெயரைத் தாங்கிய ஒரு பாதை, சென்னையில் மின்சார டிராம் ஓடுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டது!

தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அப்பாதை அரக்கோணம் வழியாகச் சென்றதே தவிர, பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்பெற்ற காஞ்சியைத் தொடவில்லை. அக்குறையை நீக்க முன்வந்தது 1862-ல் தொடங்கப்பெற்ற இந்தியன் டிராம்வே கம்பெனி. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஏறத்தாழ 19 மைல் தூரத்துக்கு, 3 அடி 6 அங்குல அகலத்தில் இலேசான தண்டவாளம் இட்டு, 1865-ல் வண்டி விட்டது. அந்நாளில் பெரிய இரயில் பாதையைவிடக் குறைந்த செலவில் இடப்படும் சிறிய பாதையை டிராம்வே என்று அழைப்பது வழக்கம். இதில் ஓடியது நீராவி எஞ்சின்.

அக்கம்பெனி பின்னர் கர்நாடிக் இரயில்வே என்று பெயர் மாறி, 1874-ல் தென்னிந்திய இரயில்வேயுடன் கலந்தது. 1878-ல் பாதை மீட்டர் அகலத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டு வரை நீண்டது. இன்று அகலப்பாதையாக விளங்கி, மின்சார இரயில்கள் ஓடும் தடம் அதுவே. நம் ஊரார் வாலாஜாபாத் நிலையத்தில் ஏறும்போது, ஒரு பழைய டிராம்வேயின் வாரிசின்மேல்தான் பயணம் செய்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெயர் மாறியது, அகலம் மாறியது, எஞ்சின் மாறியது. ஆயினும் பாதை பிழைத்துக்கொண்டது. காலத்துக்குக் காலம் யாரோ ஒருவர் அதைப் பொறுப்பேற்றுப் புதுப்பித்ததே அதற்குக் காரணம். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு சென்னைக்குச் செல்வோம்.

1895: மின்சாரமும் மழையும்

மின்சாரத்தால் வண்டியை ஓட்டலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியரான வெர்னர் ஃபான் சீமென்ஸ். 1881-ல் பெர்லின் நகரை அடுத்த ஓரிடத்தில் அவர் மின்சார டிராமை ஓடச் செய்தார். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1882 ஏப்ரல் 29-ஆம் நாள், தண்டவாளம் இல்லாத சாதாரண வண்டி ஒன்றை மேல்கம்பி மின்சாரத்தால் ஓட்டிக் காட்டினார். ஏறக்குறைய ஆறு வாரமே நடந்த அச்சோதனைதான் டிராலி பஸ்ஸின் பிறப்பு. ஆக அக்காளும் தங்கையும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள்.

இப்புதுமை சென்னைக்கு வரப் பல காலம் பிடிக்கவில்லை. 1892-ல் மதராஸ் டிராம்வே கம்பெனி அமைந்தது. 1895 மே 7-ஆம் நாள் சென்னை வீதியில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். கல்கத்தாவில் அப்போது குதிரைகளே டிராமை இழுத்தன. அங்கே மின்சாரம் வந்தது 1902-ல். பம்பாய்க்கு 1907-ல் வந்தது. ஆட்சி செய்த லண்டன் மாநகரத்திலேயே 1901-ல்தான் மின்சார டிராம் பொதுமக்களுக்காக ஓடலாயிற்று. பெருமைப்படத்தக்க செய்தி அன்றோ!

ஆனால் பெருமையோடு ஒரு சிக்கலும் வந்தது. தொடக்கத்தில் சென்னை டிராமுக்கு மேல்கம்பி கிடையாது. சாலையின் அடியில் ஒரு கால்வாய் போல் வெட்டி, அதனுள் மின்கம்பியை அமைத்து, மேலே ஒரு சிறு பிளவு விட்டிருந்தனர். வண்டியின் அடியிலிருந்து இறங்கிய ஒரு தகடு அப்பிளவின் வழியே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். வீதியில் கம்பமும் கம்பியும் தொங்கிக் கண்ணை உறுத்தா என்பது இம்முறையின் சிறப்பு. ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் இது நன்றாகவே நடந்தது.

சென்னையோ வேறு வகை நகரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தெருவெல்லாம் ஓடையாகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீர் புகுந்த கால்வாயில் மின்சாரம் எப்படி நிற்கும்? இங்கிலாந்தில் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரும் 1885-ல் இதே முறையில் டிராம் விட்டுக் கடல்நீராலும் மணலாலும் அல்லற்பட்டு, 1899-ல் மேல்கம்பிக்கு மாறியது. சென்னையும் அவ்வாறே தரையடி முறையைக் கைவிட்டு மேல்கம்பிக்கு மாறிற்று. ஊரின் மழையை அறியாமல் அமைத்த எதுவும் ஊரில் நிலைக்காது என்ற பாடத்தைச் சென்னை டிராம் தன் இளமையிலேயே கற்றது எனலாம்.

முதல் கம்பெனி பொருளாதார நெருக்கடிக்கு ஆளாயிற்று. 1900-ல் எலெக்ட்ரிக் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி அதை வாங்கி நடத்தியது. பின்னர் 1904-ல் மதராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் என்ற புதிய கம்பெனி பொறுப்பேற்றது. அக்கம்பெனியின் காலமே டிராமின் பொற்காலம்.

டிராம் ஓடிய வீதிகள்

பாரி முனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ரிப்பன் கட்டடம் ஆகிய இடங்களை டிராம் பாதை இணைத்தது. வடக்கே இராயபுரமும் தெற்கே மயிலாப்பூரும் டிராமை நம்பியிருந்தன. 1921-ஆம் ஆண்டில் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் பாதையில் ஓடின என்று கணக்குக் கூறுகிறது. இன்றைய நோக்கில் இது சிறு எண்ணாகத் தோன்றலாம். அன்றைய சென்னை இன்றைய சென்னையன்று. கால்நடையாகவும், ஜட்காவிலும், ரிக்‌ஷாவிலும் போய்க்கொண்டிருந்த நகரத்தில், ஏழை எளியவர் சில காசுகளைக் கொடுத்து அலுவலகக் குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக ஒரு வண்டி கிடைத்தது என்றால், அது சமுதாயத்தில் எத்தகைய மாறுதல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிராமின் உள்ளமைப்பையும் சுருக்கமாகக் கூறுவோம். வண்டியின் கூரைமேல் நீண்ட கம்பு ஒன்று உண்டு. அதன் நுனியிலுள்ள சிறு சக்கரம் மேல்கம்பியை உரசி மின்சாரத்தை இறக்கும். அம்மின்சாரம் வண்டியின் அடியிலுள்ள மோட்டாரைச் சுழற்றிவிட்டு, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிச் செல்லும். ஆகவே டிராமுக்கு மேலே ஒரே கம்பி போதும். தண்டவாளமே மற்றொரு கம்பியாகப் பயன்படுகிறது. ஓட்டுநர் முன்னே நின்றுகொண்டு கைப்பிடியைத் திருப்பி வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். எதிரே வருவோரை எச்சரிக்கக் காலால் மணியை மிதிப்பார். ஒதுங்கிப் போக டிராமால் இயலாது. ஆதலால் மற்றவர்தாம் ஒதுங்க வேண்டும். மாட்டுவண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் பின்னால் வரும் டிராம்கள் எல்லாம் வரிசையாய் நிற்கும்.

கத்தோலிக்க மக்களாகிய நமக்கு அவ்வீதிகளில் தனி நினைவுகள் உண்டு. பாரி முனைக்கு அருகில் ஆர்மீனியன் தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம் இருக்கிறது. அங்குள்ள புனித அந்தோனியாரை நாடிச் செவ்வாய்க்கிழமைகளில் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரளுவதை இன்றும் காணலாம். இராயபுரத்தில் படகுத் தொழிலாளரின் பக்தியைப் பறைசாற்றும் புனித பேதுரு ஆலயம். மயிலாப்பூரில் 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்த லஸ் பிரகாச மாதா ஆலயம். அதற்கப்பால் கடலோரத்தில் திருத்தூதர் தோமையார் கல்லறைமேல் எழுந்த சாந்தோம் பேராலயம். இன்று நாம் காணும் சாந்தோம் பேராலயம் 1893-ல் கட்டத் தொடங்கி 1896-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதாவது கொத்தனார்கள் அக்கோபுரத்தை உயர்த்திக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நகரத்தில் டிராம் தண்டவாளமும் பதிக்கப்பட்டது.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அந்நாளில் சென்னையில் இரண்டு மறைமாவட்ட ஆட்சிகள் இருந்தன. ஒன்று சென்னை உயர் மறைமாவட்டம். மற்றொன்று போர்த்துக்கீசிய உரிமையின் கீழிருந்த மயிலாப்பூர் மறைமாவட்டம். ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தெருவினர் வெவ்வேறு ஆயரின் கீழ் இருந்தனர். டிராம் வண்டியோ இந்த எல்லை எதையும் கேளாமல் இரு பக்கத்து இறைமக்களையும் ஒரே பலகையில் உட்கார வைத்துச் சென்றது! 1952 நவம்பரில் இரண்டும் ஒன்றாகிச் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டம் பிறந்தது. பேராயர் லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார். மறைமாவட்டங்கள் ஒன்றான ஐந்தாம் மாதத்தில் டிராம் நின்றது என்பது காலத்தின் விளையாட்டு. நம் பகுதியை உள்ளடக்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் அந்த உயர் மறைமாவட்டத்திலிருந்து 2002-ல் பிரிந்து உருவானதை நாம் அறிவோம்.

உழைத்தவர்கள்

வண்டியைப் பற்றிப் பேசுவோர் பலர். வண்டியில் உழைத்தவரைப் பற்றிப் பேசுவோர் சிலர். வெயிலிலும் மழையிலும் நின்றபடியே ஓட்டிய ஓட்டுநர், நெரிசலுக்குள் நுழைந்து சீட்டுக் கொடுத்த கண்டக்டர், நள்ளிரவுக்குப் பின் தண்டவாளத்தைச் சரிசெய்த கூலியாள், பணிமனையில் எண்ணெய்ப் பிசுக்கோடு மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிட்டர் ஆகிய இவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ல் "ரேரும் நோவாரும்" என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி விலைக்கு வாங்கப்படும் சரக்கன்று, அவன் குடும்பம் மானத்தோடு வாழத்தக்க ஊதியம் அவனுக்கு உரியது, தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்வது நியாயமே என்பன அதன் சாரம். அது வெளியாகி நான்காம் ஆண்டில் சென்னையில் டிராம் ஓடியது. ஆயினும் சென்னைத் தொழிலாளருக்கு ஒழுங்கான சங்கம் வாய்க்க மேலும் 23 ஆண்டுகள் ஆயின. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள், பி.பி. வாடியாவும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பஞ்சாலைத் தொழிலாளருக்காக அமைந்தது. அந்த எழுச்சியிலே டிராம் தொழிலாளரும் சங்கம் கண்டனர். வேலை நிறுத்தங்களும் நடந்தன. அக்காலத் தொழிலாளர் தலைவர்களுள் ஒருவரான வி. சக்கரைச் செட்டியார் கிறிஸ்துவைப் பற்றி ஆழ்ந்து எழுதிய சிந்தனையாளர்; 1941-ல் சென்னை மாநகராட்சி மேயராகவும் விளங்கினார். ஆலயத்தில் முழந்தாளிடுவதும் தொழிலாளியின் பக்கம் நிற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

இலங்கையிலும் இதே கதைதான். கொழும்பு டிராம் தொழிலாளர் 1929-ல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் நடத்திய வேலை நிறுத்தம் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் பேர்பெற்றது. நகரம் நகர்வது யாருடைய உழைப்பால் என்பதை நகரத்தார் உணர்ந்தது, வண்டி நின்ற நாட்களில்தான்.

1953: கடைசி வண்டி

1920-களிலிருந்து டிராமுக்குப் போட்டி வளர்ந்தது. பெட்ரோல் பஸ் எந்தத் தெருவிலும் நுழையும், எங்கும் நிற்கும், அதற்குத் தண்டவாளமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். சாலையை அரசு பராமரிக்கும். பஸ்காரர் வண்டியை மட்டும் வாங்கினால் போதும். டிராம் கம்பெனியோ தண்டவாளம், கம்பம், கம்பி, வண்டி அனைத்தையும் தானே காக்க வேண்டும். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும் நகரம் தெற்கு நோக்கி வளர்ந்தது. டிராம் பாதை அவ்வளர்ச்சியைத் தொடரவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் கரிவாயுவில் திணறி ஓடின. பெட்ரோல் வேண்டாத டிராம் அப்போது கைகொடுத்தது. ஆனால் போர் முடிந்தபின் அதன் நிலை இறங்குமுகமாயிற்று. 1947-ல் சென்னை அரசே பஸ் போக்குவரத்தில் இறங்கியது. வண்டிகளும் தண்டவாளமும் பழையனவாகிவிட்டன. கம்பெனி நட்டம் என்றது. தொழிலாளர் ஊதியம் போதவில்லை என்றனர். பயணிகள் வண்டி மெதுவாகப் போகிறது என்றனர். மூவர் கூற்றிலும் உண்மை இருந்தது. புதிதாய் முதலிட மட்டும் யாரும் முன்வரவில்லை. 1953 ஏப்ரல் 12-ஆம் நாள் சென்னை டிராம் நின்றது. அப்போது இராஜாஜி முதலமைச்சர். ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஓடிய வண்டி அன்றோடு ஓய்ந்தது. அதை நம்பியிருந்தோர் வேலை இழந்தனர்.

டிராமில் போனவர் மறுநாள் பஸ்ஸில் போனார். அவருக்கு ஏற்பட்டது சிறு இடைஞ்சலே. டிராமில் 20, 30 ஆண்டு நின்று பழகிய தொழிலாளிக்கோ, தான் கற்ற கைத்தொழிலுக்கே ஊரில் இடம் இல்லாமற் போயிற்று. தறியை இழந்த நெசவாளியின் நிலையைக் காஞ்சிச் சீமையில் வாழும் நாம் அறிவோம்; ஆகையால் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யூபிலியின் எக்காளம் இத்தகையோருக்காகவும் முழங்க வேண்டும் என்பதே திருநூலின் கருத்து.

டிராலி பஸ்: நடுவழியில் பிறந்த தங்கை

டிராமை எடுத்துவிட்டு நேராகப் பெட்ரோல், டீசல் பஸ்ஸுக்கு மாறியது சென்னை. வேறு சில நகரங்கள் நடுவழி ஒன்றை நாடின. அதுவே டிராலி பஸ். ரப்பர் டயர் மின்சாரத்தைத் தரையில் இறக்காது. ஆதலால் டிராலி பஸ்ஸுக்கு மேலே இரண்டு கம்பிகள் வேண்டும்: ஒன்று மின்சாரம் வர, மற்றொன்று திரும்ப. கூரைமேல் இரட்டைக் கொம்பு போல் இரு கம்புகள் நீண்டிருக்கும். தண்டவாளம் இல்லாததால் எதிரே வண்டி நின்றால் சற்று விலகிப் போகலாம். புகை கிடையாது, ஓசை மிகக் குறைவு, மேடு ஏறுவதில் டீசல் பஸ்ஸை வெல்லும். குறை என்னவெனில், திருப்பத்தில் கம்பு கம்பியை விட்டு நழுவினால் வண்டி அப்படியே நிற்கும். பணியாளர் இறங்கி வந்து அதை மறுபடி கம்பியில் மாட்ட வேண்டும். கம்பி இல்லாத தெருவுக்கு அது போகவும் இயலாது.

இங்கிலாந்தில் லீட்ஸ், பிராட்ஃபோர்டு நகரங்களில் 1911-ல் டிராலி பஸ் வந்தது. லண்டனில் 1931-ல் வந்து, டிராம்களின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்து, ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய டிராலி பஸ் அமைப்பாக வளர்ந்தது.

தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழும் கொழும்பு நகரத்தில் டிராலி பஸ் ஓடத் தொடங்கியது 1953-ல். சென்னை தன் டிராமை நிறுத்திய அதே ஆண்டு! அங்கே ஒரு தனியார் கம்பெனி நடத்திவந்த டிராமை மாநகராட்சி 1944-ல் தானே ஏற்றது; ஏற்றதோடு நில்லாமல் டிராலி பஸ்ஸையும் கொண்டுவந்தது. சில வண்டிகள் இரண்டு மாடி கொண்டவை. டிராம் 1960-ல் நின்றது. டிராலி பஸ்ஸும் 1964-ல் நின்றது. 11 ஆண்டுகளே அதன் வாழ்வு.

பம்பாயின் கதை இன்னும் வியப்பானது. 1962 மே 8-ஆம் நாள் லண்டன் தன் கடைசி டிராலி பஸ்ஸை நிறுத்தியது. அடுத்த மாதம், ஜூன் 11-ஆம் நாள், பம்பாயில் 'பெஸ்ட்' நிறுவனம் கோவாலியா டாங்க் முதல் மஜகாவ் டாக் வரை 12 டிராலி பஸ்களை விட்டது. ஓரிடத்தில் மூடுவிழா, ஓரிடத்தில் திறப்புவிழா! பம்பாய் டிராம் 1964 மார்ச் 31-ல் விடைபெற்றது. டிராலி பஸ்ஸும் 1971-ல் விடைபெற்றது. உலகின் பெரிய அமைப்பே கலைந்துகொண்டிருந்தபோது, ஒரே தடத்தில் 12 வண்டிகளை வைத்துக்கொண்டு ஒரு நகரம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? பத்தாம் பசலி என்று அதை அன்றே ஒதுக்கினர்.

நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் 1975-ல் சீன நாட்டின் உதவியால் டிராலி பஸ் ஓடத் தொடங்கியது. திரிபுரேஸ்வரிலிருந்து சூரியவிநாயக் வரை 13 கிலோமீட்டர். நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நாட்டுக்கு மிகவும் பொருத்தமான வண்டி அது. ஆயினும் பராமரிப்புக் குன்றி, வண்டிகள் ஒவ்வொன்றாய் மூலையில் நின்று, 2008-ஐ ஒட்டி அதுவும் மறைந்தது.

டிராலி பஸ் பயனற்றது என்று இதனால் முடிவு கட்டலாகாது. சீனாவின் ஷாங்காய் நகரத்தில் 1914-ல் தொடங்கிய டிராலி பஸ் இன்றும் ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா, சூரிக், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிலும் ஓடுகிறது. இக்காலத்து வண்டிகள் சிறிது தூரம் மின்கலத்தாலும் ஓடும். கம்பி இல்லாத தெருவுக்கும் போகும். பழைய குறை நீங்கிவிட்டது. வண்டி ஒன்றே, காத்த ஊரில் வாழ்ந்தது, காவாத ஊரில் மாண்டது.

குடிமராமத்து என்னும் பாடம்

இங்கேதான் நம் ஊர் ஏரி நமக்கு ஆசிரியராகிறது. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த திரையனேரி என்பதே தென்னேரி என மருவியதாகக் கூறுவர். எத்தனை அரசுகள் எழுந்து வீழ்ந்தன! ஏரி மட்டும் இருக்கிறது. கல்லால் கட்டியதாலா? இல்லை, கரை மண்தான். ஆண்டுதோறும் கரையை உயர்த்தி, மதகைச் சீர்செய்து, தூர் வாரியதால் அது நிலைத்தது. ஊரார் கூடிச் செய்த அந்தப் பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். அண்டையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஏரிக்கென்று தனியாக "ஏரி வாரியம்" தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகிறது. ஏரி எல்லாருடையதும் ஆதலால் யாருடையதும் அன்று என்று அவர்கள் விட்டுவிடவில்லை; எல்லாருடையதும் ஆதலால் பொறுப்பாளர் வேண்டும் என்று கண்டனர்.

டிராமுக்கு வாய்க்காதது இந்த ஏரி வாரியமே. கம்பெனி அதைத் தன் இலாபக் கணக்கில் வைத்துப் பார்த்தது. அரசு அதைக் கம்பெனியின் சொத்தாகப் பார்த்தது. மக்கள் அதைக் காசு கொடுத்து ஏறும் வண்டியாகப் பார்த்தனர். தங்களுடையதாக யாரும் பார்க்கவில்லை. தூர் வாராத ஏரி மெல்ல மெல்லக் குட்டையாவது போல டிராமும் தேய்ந்தது. தேய்ந்தபின், இது எதற்குப் பயன் என்ற கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்த நேரத்தில் பதில் சொல்லக் காலம் கடந்துவிட்டது.

இதைக் கூறுவதால் டிராமை நிறுத்தியது முழுதும் தவறு என்று நாம் சாதிக்கவில்லை. குறுகிய வீதிகளில், நகரம் பன்மடங்கு பெருகியபின், அதே டிராம் அதே வடிவில் ஓடியிருக்க முடியாது. கல்கத்தா அதைக் கடைசிவரை காத்தது. அங்கும் ஒரு சிறு தடத்தைத் தவிர ஏனையவற்றை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு 2024-ல் அறிவித்தது. ஆனால் மாற்றுவது வேறு, கைவிடுவது வேறு. நம் அரக்கோணம்-காஞ்சி டிராம்வே மாற்றப்பட்டது, வாழ்கிறது. சென்னை டிராம் கைவிடப்பட்டது, மறைந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு ஏறியபோது, மின்கம்பிகளைப் பிடுங்கி எறிந்த நகரங்கள் எல்லாம் தம் செயலை எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

மீண்டும் மின்சாரம்

அண்ணா சாலை என்று பெயர் பெற்ற அதே மவுண்ட் ரோட்டின் அடியில் 2018 மே 25-ஆம் நாள் முதல் மெட்ரோ இரயில் ஓடுகிறது. டிராம் நின்று 65 ஆண்டுகளுக்குப்பின் அச்சாலைக்கு மின்சார வண்டி திரும்பியது. 1895-ல் கம்பியை மட்டும் தரைக்கடியில் புதைத்து மழையிடம் தோற்ற நகரம், இன்று வண்டியையே தரைக்கடியில் ஓட்டுகிறது. 2025-ல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் மின்கலத்தால் ஓடும் பஸ்களும் வந்துவிட்டன. கம்பி இல்லாத டிராலி பஸ் என்றே அவற்றைச் சொல்லலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட "லௌதாத்தோ சீ" சுற்றுமடல், தனியார் கார்கள் பெருகி நகரங்கள் புகையில் மூழ்குவதையும், பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டியதையும் எடுத்துரைக்கிறது. நம் மூத்தோர் அனுபவித்ததைப் பேரப்பிள்ளைகள் பெருஞ்செலவில் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயின் மீட்க முடியாத ஒன்று உண்டு. அது நினைவு. 1953-ல் 20 வயது வாலிபராக டிராமில் ஏறி இறங்கியவர் இன்று 90 வயதைக் கடந்திருப்பார். இத்தகைய முதியவர் நம் பங்கிலோ உறவிலோ இருப்பின், இந்த யூபிலி ஆண்டிலேயே அவர் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். டிராமைப் பற்றி மட்டுமன்று. ஆலயம் ஓலைக் கொட்டகையாக இருந்த நாட்கள், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஆண்டுகள், பஞ்ச காலத்தில் ஒருவர்க்கொருவர் உதவிய விதம் ஆகியவை பற்றியும் கேளுங்கள். கோயில் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் தேதிகள் இருக்கும். அவர்கள் எப்படி வாழ்ந்தனர் என்பது இராது. அதை எழுதும் பொறுப்பு நம்முடையது.

கட்டிய ஆலயத்தை ஒவ்வோர் ஆண்டும் வெள்ளையடிப்பதும், ஏரிக்கரையை மண்ணிட்டுக் காப்பதும், நமக்காக உழைத்தவரை நினைந்து நன்றி கூறுவதும் ஒரே குடிமராமத்தின் மூன்று பகுதிகள். பெற்றதைக் காக்கும் கைகளையும், இழந்தவரை மறவாத உள்ளத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு இந்த யூபிலி ஆண்டில் தந்தருள்வாராக!